வீட்டு கேமராவுக்கு டிவிஆர் வாங்குபவர்கள் கேட்கும் கேள்விகள்

எங்கள் தெருவில் ஒரு பைக் களவு போனது. எதிர் வீட்டில் நான்கு கேமரா இருக்கிறது என்று எல்லோரும் அங்கே போய் நின்றோம். டிவியில் நான்கு கட்டமாகப் படம் பளிச்சென்று ஓடுகிறது. முந்தின ராத்திரிக்கு ஓட்டிப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. கேமராப் படத்தைப் பதிந்து வைக்கும் டிவிஆர் பெட்டிக்குள் இருந்த ஹார்ட் டிஸ்க் செத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. நேரலைப் படம் தெரிவதற்கு ஹார்ட் டிஸ்க் தேவையில்லை என்பதால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. நான் கேமரா விற்பவன் இல்லை. ஆனால் அன்றைக்கு அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தவன் நான் என்பதால், அதிலிருந்து சொந்தக்காரர்களும் தெருக்காரர்களும் என்னைத்தான் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

டிவிஆர், என்விஆர், எக்ஸ்விஆர் என்கிறார்களே, எதை வாங்குவது?

டிவிஆரில் கேமரா அனலாக் படத்தைக் கேபிளில் அனுப்பும். அதை டிஜிட்டலாக மாற்றிச் சுருக்கிச் சேமிக்கும் வேலை பெட்டிக்கு. என்விஆரில் அந்தச் சுருக்கும் வேலையை கேமராவே முடித்துவிடும். பெட்டி நெட்வொர்க் வழியாக வாங்கி எழுதி வைக்கும், அவ்வளவுதான். எக்ஸ்விஆர் என்பது ஹைபிரிட். டிவிஐ, சிவிஐ, ஏஎச்டி என்று அனலாக் எச்டியில் இருக்கும் வகைகளோடு சில ஐபி (நெட்வொர்க்) கேமராக்களையும் ஏற்றுக்கொள்ளும். இப்போது கடையில் டிவிஆர் என்று கேட்டாலும் பெரும்பாலும் இதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

எதை வாங்குவது என்பதை உங்கள் வீட்டுச் சுவர்தான் முடிவு செய்யும். அனலாக் கேமராவுக்கான 3+1 கேபிளை ஏற்கெனவே இழுத்திருந்தால், அதைப் பிடுங்கிப் போட்டு என்விஆருக்கு மாறுவது வீண் செலவு, எக்ஸ்விஆர் வாங்குங்கள். வீடு இப்போதுதான் கட்டுகிறீர்கள், பைப் பதிக்கும் நிலையில் இருக்கிறது என்றால் கேட் 6 நெட்வொர்க் கேபிள் இழுத்து, பிஓஇ வசதியுள்ள என்விஆர் போடுங்கள். ஒரே கேபிளில் கரண்டும் படமும் போய்விடும். கேமரா பக்கத்தில் தனியாக பிளக் பாயின்ட் தேவைப்படாது. ஒரு கேபிளின் நீளம் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும். வீடுகளில் அது ஒரு தடையே இல்லை.

வைஃபை கேமரா வாங்கி மெமரி கார்டு போட்டுவிட்டால் போதாதா?

வாடகை வீட்டில், வாசலுக்கு ஒரே ஒரு கேமரா என்றால் போதும். ஆனால் கேமராவைக் கழற்றிக்கொண்டு போகிறவன் கார்டையும் சேர்த்துத்தான் கொண்டு போவான். அப்புறம், நாள் முழுக்க அழித்து அழித்து எழுதுவதைச் சாதாரண கார்டு நெடுநாள் தாங்காது. இரண்டு கேமராவுக்கு மேல் போனால் பெட்டி வைத்துவிடுவதே நல்லது.

4 சேனலா, 8 சேனலா?

ஒரு சேனலுக்கு ஒரு கேமரா. நான்கு கேமரா போடுகிறவர்களில் பாதிப் பேர் ஒரு வருஷத்தில் ஐந்தாவதைக் கேட்கிறார்கள். மாடிப்படி, பின்பக்கக் கிணற்றடி, புதிதாக வாங்கிய கார் என்று ஏதாவது வந்துவிடும். இடம் சின்னதாக இருந்தால் தவிர 8 சேனல் எடுங்கள்.

‘ஃபுல் எச்டி’ என்றுதான் விற்றார்கள். ஆனால் ஓட்டிப் பார்த்தால் முகமே தெரியவில்லையே?

இதற்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் ஏமாறும் இடம் இது.

பெட்டியின் அட்டையில் 1080பி என்று இருக்கிறதா, 1080என் அல்லது 1080 லைட் என்று இருக்கிறதா என்று பாருங்கள். உண்மையான 1080பி படம் 1920க்கு 1080 புள்ளி. 1080என் என்பது 960க்கு 1080. அகலத்தில் சரிபாதியைக் குறைத்து எழுதிவிட்டு, திரையில் காட்டும்போது இழுத்து நிரப்புவார்கள். கேமரா 2 மெகாபிக்சல்தான், பொய் இல்லை. பதிவாவது அதில் பாதி. நேரலையில் பார்க்கும்போது நன்றாகத் தெரியும். பழைய பதிவை நிறுத்திப் பெரிதாக்கும்போதுதான் முகம் மாவாகக் கரையும். 5 மெகாபிக்சல் பெட்டிகளிலும் இதே ‘லைட்’ வித்தை உண்டு. கடைக்காரரிடம், “எல்லாச் சேனலிலும் ஒரே நேரத்தில் எந்த ரெசல்யூஷனில், நொடிக்கு எத்தனை ஃபிரேம் பதியும்?” என்று கேளுங்கள். விவரத்தாளில் அந்த வரி பெரும்பாலும் இருக்கும். நொடிக்கு 15 ஃபிரேம் வீட்டுக்குப் போதும். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ரெசல்யூஷனில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அடுத்தது தூரம். முன்பின் தெரியாத ஒருவரைப் படத்தை வைத்து அடையாளம் சொல்ல, ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளி வேண்டும் என்பது கேமராத் துறையில் வைத்திருக்கும் கணக்கு. 1920 புள்ளியை 250ஆல் வகுத்தால் ஏழே முக்கால் மீட்டர் அகலக் காட்சி. வீடுகளில் மாட்டும் 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் சுமார் 100 பாகை விரித்துப் பார்க்கும். அந்த லென்ஸ் ஏழே முக்கால் மீட்டர் அகலத்தை எட்டுவது கேமராவிலிருந்து பத்தடி தூரத்தில். ஆக, 2 மெகாபிக்சல் கேமராவில் முகம் தெளிவாகத் தெரிவது சுமார் பத்தடிக்குள்தான். பெட்டி 1080என் ஆக இருந்தால் ஐந்தடி. கேட் இருபதடி தள்ளி இருக்கிறது, கேமரா மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் இருக்கிறது என்றால் வந்தவன் தலை உச்சிதான் கிடைக்கும். ஒரு கேமராவையாவது வாசல் நிலைக்குப் பக்கத்தில், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே வைத்து முகத்துக்கென்றே ஒதுக்குங்கள். மற்றவை தெருவை எவ்வளவு விரித்துப் பார்த்தாலும் சரி.

ஹார்ட் டிஸ்க் எத்தனை டிபி போடுவது?

கடையில் “நாலு கேமராவுக்கு 1 டிபி போதும் சார்” என்பார்கள். எத்தனை நாளுக்குப் போதும் என்று சொல்ல மாட்டார்கள். நீங்களே கணக்குப் போடலாம், ஒரே ஒரு எண் நினைவிருந்தால் போதும்: நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஒரு கேமரா நாள் முழுக்கப் பதிந்தால் 10.8 ஜிபி ஆகும்.

டிவிஆரின் என்கோட் அமைப்பில் பிட்ரேட் என்று ஒரு வரி இருக்கும். 2048 கேபிபிஎஸ் (அதாவது 2 மெகாபிட்) என்றிருந்தால் ஒரு கேமராவுக்கு நாளைக்குச் சுமார் 22 ஜிபி. நான்கு கேமராவுக்கு 88 ஜிபி. 1 டிபி டிஸ்க்கில் பதினோரு நாள் நிற்கும். அதே நான்கு கேமரா பழைய எச்.264 என்ற சுருக்கும் முறையில் 4096 கேபிபிஎஸ்ஸில் ஓடினால் ஐந்தரை நாள்தான். எச்.265 ஏறக்குறைய பாதி இடத்தில் அதே தரத்தைத் தரும் என்பதால், பெட்டி (என்விஆர் என்றால் கேமராவும்) ஏற்கும் என்றால் அதையே போடுங்கள். நள்ளிரவில் யாருமே நடமாடாத தெருவைப் பார்க்கும் கேமராவுக்கு எச்.265+ போன்றவை இன்னும் மிச்சம் பிடிக்கும்.

எத்தனை நாள் வேண்டும்? ஊருக்குப் போய்த் திரும்புகிற நாட்களைக் கணக்கில் எடுங்கள். பொங்கலுக்குப் பத்து நாள் போய்விட்டு வந்து, பீரோவைத் திறந்து பார்ப்பதற்கு இன்னும் நான்கு நாள் ஆகலாம். என்னைக் கேட்டால் இருபது நாள் குறைந்தபட்சம். நான்கு கேமராவுக்கு 2 டிபி என்று அதனால்தான் சொல்கிறேன். பல சமயம் டிவிஆரைவிட ஹார்ட் டிஸ்க் விலை கூடுதலாக இருக்கும். பரவாயில்லை, பணத்தை அங்கே போடலாம். வாங்கும் முன் அந்தப் பெட்டி அதிகபட்சம் எத்தனை டிபி ஏற்கும் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க் சும்மா கிடக்கிறது. அதைப் போடலாமா?

போட்டால் ஓடும். எதிர் வீட்டுப் பெட்டியில் செத்துப்போனது அப்படி ஒன்றுதான். கம்ப்யூட்டர் டிஸ்க் பகலில் சில மணி நேரம் ஓடி ராத்திரி ஓய்வெடுக்கும் என்று நினைத்துச் செய்யப்பட்டது. டிவிஆருக்குள் அது 24 மணி நேரமும், அதுவும் விசிறி இல்லாத தகரப் பெட்டியில், எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்றவை இதற்கென்றே வருகின்றன. இரண்டாம் கை டிஸ்க்கை புதிய ஸ்டிக்கர் ஒட்டி விற்பதும் நடக்கிறது. தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் சீரியல் எண்ணைப் போட்டால் வாரன்டி எப்போது முடிகிறது என்று காட்டும். பில் கட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

அசைவு இருந்தால் மட்டும் பதிந்தால் இடம் மிச்சமாகுமே?

ஆகும். ஆனால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. வேப்பமரக் கிளை, மழை, ஈசல் எல்லாம் அசைவுதான். ராத்திரியில் கேமராவின் சிவப்பு விளக்குச் சூட்டுக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். வலை காற்றில் ஆடினால் விடிய விடியப் பதிவு ஓடும். மாறாக, உணர்திறனைக் குறைத்து வைத்தால் நிஜமாக ஆள் வரும்போது முதல் சில நொடி தவறிப் போகும். பதிவைத் தொடர்ச்சியாக வையுங்கள். அசைவு கண்டுபிடிப்பதையும் கூடவே ஆன் செய்யுங்கள். பின்னால் தேடும்போது அசைவு இருந்த நேரங்கள் காலக்கோட்டில் வேறு நிறத்தில் தெரியும், எட்டு மணி நேரத்தை ஐந்து நிமிஷத்தில் பார்த்துவிடலாம். மாதம் ஒருமுறை ஒட்டடைக் கம்பால் கேமரா முன்னால் ஒரு இழுப்பு.

கேமரா ஒரு கம்பெனி, பெட்டி வேறு கம்பெனி. சேருமா?

அனலாக்கில் பெட்டி எல்லா வகையும் ஏற்கும் எக்ஸ்விஆர் என்றால் சேரும். ஐபி கேமராவில் இரண்டுமே ஆன்விஃப் என்ற பொதுத் தரத்தை ஏற்கின்றனவா என்று பாருங்கள். 2008இல் ஆக்சிஸ், போஷ், சோனி மூன்றும் சேர்ந்து தொடங்கிய ஏற்பாடு அது. படம் வந்துவிடும், ஆனால் ஆளை மட்டும் பிரித்தறிவது, எச்சரிக்கை ஒலி போன்ற கூடுதல் வசதிகள் பெரும்பாலும் ஒரே கம்பெனிக்குள்தான் ஒழுங்காக வேலை செய்யும். புதிதாக வாங்கும்போது ஒன்றே எடுத்துவிடுங்கள். இன்னொன்று, இந்தியாவில் விற்கும் சிசிடிவி கேமராக்களுக்கு 2025 ஏப்ரலிலிருந்து மத்திய அரசின் பாதுகாப்புச் சோதனைச் சான்று (எஸ்டிக்யூசி) கட்டாயம். கடையில் “எஸ்டிக்யூசி சான்று உள்ள மாடலா?” என்று கேட்டு வாங்குங்கள்.

கேபிளில் என்ன கவனிக்க வேண்டும்?

செம்புதானா என்று. சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். தூரம் கூடினால் வோல்டேஜ் விழும். பகலில் ஒழுங்காக இருக்கும் கேமரா, இரவில் அகச்சிவப்பு விளக்கு எரிந்ததும் மின்னி மின்னி அணையும். பலர் கேமராவைக் குறை சொல்லி மாற்றிக்கொண்டே இருப்பார்கள். கேபிள் நுனியில் இருக்கும் பிஎன்சி இணைப்பு முனைகளை வெயில் மழையில் தொங்கவிடாமல் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வையுங்கள்.

கரண்ட் போனால்? இடி இடித்தால்?

டிவிஆர், கேமராக்களுக்கான பவர் சப்ளை, இன்டர்நெட் ரௌட்டர், இந்த மூன்றும் இன்வெர்ட்டர் லைனில் இருக்க வேண்டும். டிவிஆரை மட்டும் இன்வெர்ட்டரில் கொடுத்து, கேமரா சப்ளையை மாடியில் சாதாரண லைனில் கொடுத்த வீடுகள் நிறையப் பார்த்திருக்கிறேன். கரண்ட் போன ராத்திரி முழுக்க கறுப்புப் படத்தைப் பெட்டி சிரத்தையாகப் பதிந்து வைத்திருக்கும். நான்கு கேமராவுக்கு 12 வோல்ட் 5 ஆம்பியர், எட்டுக்கு 10 ஆம்பியர் சப்ளை என்பது வழக்கம்.

இடி வேறு கதை. மாடியில் மாட்டிய கேமராவிலிருந்து நீளமான செம்புக் கம்பி நேராக டிவிஆருக்கும், அங்கிருந்து டிவிக்கும் வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் பக்கத்தில் எங்காவது விழுந்தால்கூட சேனல்கள் போகும். எர்த் ஒழுங்காக இருக்கட்டும், சர்ஜ் தடுப்பான் போடுங்கள், டிவிக்குப் போகும் எச்டிஎம்ஐ கேபிளைப் பார்க்கும்போது மட்டும் செருகுங்கள். இவ்வளவு செய்தும் சில சமயம் போகத்தான் செய்யும்.

பெட்டியை எங்கே வைப்பது?

டிவிக்குக் கீழே எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்காதீர்கள். உள்ளே வந்தவன் அதைத் தூக்கிக்கொண்டு போனால் எல்லாம் போயிற்று. பரணில் துணி மூட்டைக்கு நடுவிலும் வேண்டாம், வெந்துவிடும். காற்றோட்டத் துளையுள்ள, பூட்டக்கூடிய சுவர் ரேக் நல்லது. இரண்டு பக்கமும் நான்கு விரல் இடைவெளி விடுங்கள். சூட்டுக்கு எறும்பும் பல்லியும் குடிவரும். எங்கள் வீட்டில் ஒரு பல்லி பவர் சப்ளைக்குள் போய் இரண்டுமே முடிந்தன.

முதன்முறை ஆன் செய்ததும் என்னென்ன செய்ய வேண்டும்?

கரண்ட் கொடுக்கும் முன் ஹார்ட் டிஸ்க்கை மாட்டித் திருகி முடித்துவிடுங்கள். ஆன் செய்ததும் பாஸ்வேர்டு கேட்கும். மீட்டெடுக்க உங்கள் சொந்த இமெயிலைக் கொடுங்கள். பொருத்த வந்தவர் தன்னுடையதைப் போட விடாதீர்கள்.

அடுத்து நேரம். நேர மண்டலம் ஜிஎம்டி+5:30 என்று இருக்கிறதா பாருங்கள். சில பெட்டிகள் சீன நேரமான ஜிஎம்டி+8இல் வரும். கடிகாரத்தைக் கையால் சரி செய்துவிட்டு மண்டலத்தை விட்டுவிட்டால், இன்டர்நெட் கிடைத்ததும் அது தானாக இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடிவிடும். என்டிபி என்ற தானியங்கி நேரத் திருத்தத்தை ஆன் செய்யுங்கள். சில வருஷம் கழித்து, கரண்ட் போய் வரும்போதெல்லாம் தேதி பழைய வருஷத்துக்குப் போகிறது என்றால் உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. மலிவான சமாச்சாரம்தான், மாற்றிவிடலாம்.

வீடியோ முறை ‘PAL’ (பால்) என்று இருக்கட்டும். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ்; 60 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கான என்டிஎஸ்சியில் (NTSC) வைத்தால் டியூப்லைட் வெளிச்சத்தில் படம் துடிக்கும்.

பிறகு ஹார்ட் டிஸ்க்கைப் பெட்டியின் மெனுவில் ஃபார்மேட் செய்யுங்கள். டிஸ்க் நிறைந்ததும் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில் ‘ஓவர்ரைட்’ இருக்க வேண்டும். அங்கே ‘நிறுத்து’ என்றிருந்தால் டிஸ்க் நிறைந்த அன்றே பதிவு நின்றுவிடும், படம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஹார்ட் டிஸ்க் பழுது என்றால் பீப் அடிக்கவும் போனுக்குத் தகவல் அனுப்பவும் ஒரு அமைப்பு ‘அப்நார்மாலிட்டி’ அல்லது ‘எக்ஸப்ஷன்’ என்ற பெயரில் இருக்கும். பீப் சத்தம் தொல்லை என்று பொருத்துகிறவர்களே அதை அணைத்துவிட்டுப் போவார்கள். மறுபடி ஆன் செய்யுங்கள்.

கடைசியாக, அரை மணி நேரம் ஓடவிட்டு, பதிவை ஓட்டி, ஒரு துண்டைப் பென்டிரைவில் எடுத்து, அதை லேப்டாப்பில் திறந்து பாருங்கள். பொருத்த வந்தவருக்கு அதன் பிறகு மீதிப் பணத்தைக் கொடுக்கலாம்.

போனில் பார்க்க ஸ்டாட்டிக் ஐபி (மாறாத இணைய முகவரி) வாங்க வேண்டுமா?

வேண்டாம். பெட்டியில் இருக்கும் க்யூஆர் குறியை அந்தக் கம்பெனியின் செயலியில் ஸ்கேன் செய்தால் போதும். நம் பிராட்பேண்டுகளில் பல, வீடுகளுக்குப் பொது ஐபி கொடுப்பதே இல்லை. அதனால் வெளியிலிருந்து பெட்டிக்கு வழி திறக்கும் போர்ட் ஃபார்வர்டிங் என்று யாராவது ரௌட்டரில் கை வைத்தாலும் வேலை நடக்காது. வேலை நடக்கும் இடத்தில் அது இன்னும் ஆபத்து. 2016இல் மிராய் என்ற தீநிரல், மாற்றாமல் விட்ட ஆரம்பப் பாஸ்வேர்டுகளை வைத்து உலகமெங்கும் டிவிஆர்களையும் கேமராக்களையும் பிடித்தது. அந்த அக்டோபர் 21 அன்று, அவற்றை ஏவி, இணையதளப் பெயர்களுக்கு வழிகாட்டும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பல இடங்களில் முடங்கின. ஏதோ ஒரு வீட்டில் 12345 என்று இருந்த பெட்டிக்கும் அதில் பங்கு உண்டு. நீளமான பாஸ்வேர்டு வையுங்கள், ஃபர்ம்வேர் புதுப்பிப்பு வந்தால் போடுங்கள்.

போட்டுக் கொடுத்தவர் பாஸ்வேர்டு தரமாட்டேன் என்கிறார். என்ன செய்ய?

பெட்டி உங்களுடையது, பில்லும் உங்கள் பெயரில். கேட்டு வாங்குங்கள். பல பெட்டிகள் முதலில் ஸ்கேன் செய்தவரின் கணக்கோடு கட்டுண்டு இருக்கும். அவர் தன் கணக்கிலிருந்து விடுவித்ததும் அதை உங்கள் கணக்கில் சேர்த்துவிடுங்கள். பிறகு அவர் உங்களுக்கு ‘ஷேர்’ செய்ய வேண்டிய அவசியமே வராது. அவர் ஆள் அகப்படவில்லை என்றால், பில்லோடும் சீரியல் எண்ணோடும் கம்பெனியின் சேவை மையத்தை அணுகுங்கள்.

திருட்டு நடந்துவிட்டது. பதிவை என்ன செய்வது?

முதல் வேலை, அது அழிவதற்குள் எடுப்பது. பழைய பதிவின் மேல் புதியது எழுதிக்கொண்டே இருக்கும் என்பதை மறக்காதீர்கள். சம்பவத்துக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் சேர்த்து, எல்லாக் கேமராவிலிருந்தும் எடுங்கள். நோட்டம் பார்த்துவிட்டுப் போனவன் முந்தின நாள் பதிவில் இருக்கலாம். பென்டிரைவை டிவிஆரிலேயே ஃபார்மேட் செய்துகொண்டால் சிக்கல் குறைவு. கம்பெனியின் சொந்த வடிவத்தில் ஒன்று, எம்பி4இல் ஒன்று என்று இரண்டாக எடுங்கள். திரையில் காட்டும் நேரத்தையும் உங்கள் போன் நேரத்தையும் சேர்த்து ஒரு படம் பிடித்து வையுங்கள். கடிகாரம் எத்தனை நிமிஷம் தப்பு என்பதற்கு அதுவே கணக்கு. வாட்ஸ்அப்பில் அனுப்பியது தெருக்காரர்களுக்கு, தரம் குறைந்துவிடும். போலீஸுக்கு மூலப் பதிவைக் கொடுங்கள்.

வழக்கு நீதிமன்றம் போனால் வெறும் பென்டிரைவ் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் வேண்டும். முன்பு பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி என்று சொன்னார்களே, அதன் புது வடிவம். கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் ஒரு பகுதியையும், நிபுணர் இன்னொரு பகுதியையும் நிரப்ப வேண்டும்; கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் ஹேஷ் மதிப்பும் அதில் வரும். போலீஸ் டிவிஆரையே எடுத்துச் சென்றால் சீரியல் எண்ணோடு மகஜரில் எழுதச் சொல்லி, நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார்…

அவர் வாசலோ ஜன்னலோ படத்தில் விழுந்தால் அவர் கேட்பது நியாயம். டிவிஆரில் ‘பிரைவசி மாஸ்க்’ என்று இருக்கும். அந்தப் பகுதியைக் கறுப்புக் கட்டமாக்கி, அவரைக் கூப்பிட்டுத் திரையில் காட்டிவிடுங்கள். வீட்டுக்குள்ளும் கவனம் வேண்டும். ஒரே வீட்டில் வசித்த சகோதரர்களின் வழக்கில், உடன் வசிப்பவரின் ஒப்புதல் இல்லாமல் குடியிருப்புப் பகுதிக்குள் கேமரா வைக்கக் கூடாது என்று 2025இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொன்னது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. கூட்டுக்குடும்பங்கள் யோசித்துக்கொள்ளலாம்.

பழைய டிவிஆரை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கலாமா?

கொடுங்கள், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு. உங்கள் வீட்டில் யார் எப்போது கிளம்புகிறார்கள், எப்போது வீடு பூட்டியிருக்கிறது என்ற இருபது நாள் கதை அதில் இருக்கிறது. செயலியில் அந்தப் பெட்டியை உங்கள் கணக்கிலிருந்து நீக்கவும் செய்யுங்கள். இல்லையென்றால் அதை வாங்கினவர் உங்களைத் தேடி வருவார். எனக்கு அப்படி ஒரு முறை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் வந்தது.